ஒரு 'செக்', நாலு தமிழ் வார்த்தை, ஒரு ராஜா

செக் டேம்னா தடுப்பணை. செக் போஸ்ட்னா சோதனைச் சாவடி. பேங்க் செக்னா காசோலை. செக் சட்டைன்னா கட்டம் போட்ட சட்டை. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதான், ஆனா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவங்க நாலு எடத்துல நாலு வார்த்தை போட்டிருக்காங்க, அதுவும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லாத வார்த்தைங்க. தடுக்கிறது, சோதிக்கிறது, காசு, கட்டம். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, நாலுமே சரியான மொழிபெயர்ப்புதான். இது போக, பேச்சுவாக்குல "அவனுக்கு வச்சேன் பாரு ஒரு செக்"னு சொல்றோமே, அதையும் சேத்தா அஞ்சு.

எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு இருந்துச்சு. செக் பண்றது, அதாவது சரிபார்க்கிறது, அதுதான் மெயின் அர்த்தம், மத்ததெல்லாம் அதுலேர்ந்து கிளை விட்டது அப்படின்னு. செக் போஸ்ட்ல வண்டிய செக் பண்றாங்க, பேங்க்ல செக்க வாங்கி கையெழுத்தை செக் பண்றாங்க, எல்லாம் பொருந்துற மாதிரிதானே இருக்கு. அப்புறம் உக்காந்து தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சுது, வரிசை அப்படியே தலைகீழ். இந்தக் குடும்பத்துலயே மூத்தது நாம கேலியா சொல்ற அந்த "செக் வச்சேன் பாரு"தான். சரிபார்க்கிறதுங்கிறது ரொம்பப் பின்னாடி, 1690கள் வாக்குலதான் எழுத்துல தலைகாட்டுது. அதுக்கு முன்னாடி ஏறக்குறைய நானூறு வருஷம் இங்கிலீஷ்காரங்க செக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா எதையும் 'செக் பண்ணல'.

கதை ஆரம்பிக்கிறது பழைய பாரசீகத்துல. அங்க ராஜாவுக்கு ஷா. ஷாஜகான்ல இருக்கிற ஷா, பாதுஷால இருக்கிற ஷா, அதே ஷாதான். இன்னும் பழைய பாரசீகத்துல, டேரியஸ் ராஜா பாறையில வெட்டி வச்ச கல்வெட்டுல எல்லாம், இது க்ஷாயதியங்கிற மாதிரி ஒரு நீளமான வார்த்தையா இருக்கு. அந்த 'க்ஷ' சத்தத்தைக் கேட்ட உடனே உங்களுக்கு சத்திரியன் ஞாபகம் வந்திருந்தா ரொம்ப கரெக்ட், ரெண்டும் ஒரே வேர்லேர்ந்து வந்த பங்காளிங்க, ஆளுறது அதிகாரம் பண்றதுங்கிற அர்த்தம். காலப்போக்குல பாரசீகத்துல அது தேஞ்சு தேஞ்சு ஷான்னு ஒரே அசையா நின்னுடுச்சு.

இந்தியாவுல இருந்த சதுரங்கம் சுமார் 6ம் நூற்றாண்டு வாக்குல பாரசீகத்துக்குப் போச்சு. சதுரங்கம்ங்கிற பேரு அங்க சத்ரங் ஆச்சு, பின்னாடி அரபுக்காரங்க வாயில ஷத்ரஞ்ச் ஆச்சு. ஆட்டத்துல எதிராளியோட ராஜாவைக் குறி வச்சுட்டா வாய்விட்டு "ஷா!"ன்னு சொல்லணும். "ஏம்ப்பா, உன் ராஜா மாட்டிக்கிட்டாரு, பாத்துக்கோ"ங்கிறதோட சுருக்கம். யோசிச்சுப் பாத்தா இது ஒரு மரியாதை, ராஜாவைச் சொல்லாம கொள்ளாம தூக்கக்கூடாது, முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்கணும். தப்பிக்கவே வழி இல்லேன்னா "ஷா மாத்". இதுக்கு ராஜா செத்துட்டாருன்னு அர்த்தம்னு பரவலா சொல்வாங்க, ஏன்னா அரபுல மாத்தன்னா செத்தான்னு வரும். ஆனா பாரசீகத்துல மாத்னா செய்வதறியாம தெகச்சு நிக்கிறதுன்னும் அர்த்தம் உண்டு, பல பேரு அதைத்தான் சரின்னு சொல்றாங்க. எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு, செஸ்ல ராஜாவை யாரும் வெட்டறதே இல்லையே, அவரு ஓட எடமில்லாம நிக்கிறப்பவே ஆட்டம் முடிஞ்சுடுது. செக்மேட்ல இருக்கிற மேட்டு இந்த மாத்துதான். நண்பன்னு சொல்ற மேட் வேற, கிளாஸ்மேட் ரூம்மேட் எல்லாம் அந்த நண்பன் வகை, இதோட சேத்துக் கொழப்பிக்கக்கூடாது.

அரபுக்காரங்க கையோட ஆட்டம் ஸ்பெயின் பக்கம் ஏறி ஐரோப்பா முழுக்கப் பரவுது. லத்தீன்ல எழுதினவங்க காதுல ஷாவோட கடைசி 'ஹ' சத்தம் 'க்' மாதிரி விழுந்திருக்கு, அதனால ஸ்காக்குன்னு எழுதி வச்சாங்க. இது பழைய பிரெஞ்சுக்குப் போன உடனே என்ன நடந்துச்சுன்னா, நாம ஸ்கூலை இஸ்கூல்னு சொல்றோம் பாருங்க, அதே வியாதி அவங்களுக்கும் உண்டு, 'ஸ்க'ன்னு வார்த்தை ஆரம்பிச்சா முன்னாடி ஒரு 'எ' போட்டாதான் அவங்களுக்கு வாய்ல வரும். அதனால ஸ்காக் எஸ்செக் ஆச்சு. (லத்தீன் ஸ்கோலா பிரெஞ்சுல எக்கோல் ஆனதும் இதே வழிதான், அதனால இஸ்கூல்னு சொல்றவங்களைப் பாத்து யாரும் சிரிக்க வேணாம்.) பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து போயி இங்கிலாந்தைப் புடிச்ச நார்மன்காரங்க வழியா அது இங்கிலாந்துக்கு வந்தப்போ முன்னாடி இருந்த 'எஸ்' உதுந்து போயி செக்னு நின்னுச்சு. எஸ்செக்கோட பன்மை எஸ்செக்ஸ், அதோட தலையும் உதுந்து செஸ் ஆச்சு. அதாவது செஸ்ஸுன்னா என்னன்னு கேட்டா 'ராஜாக்கள்'னு அர்த்தம், செக்குன்னா 'ராஜா'ன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இங்க ஒரு சின்ன வேடிக்கை. ஐரோப்பாவுல பல மொழிங்க ஆட்டத்துக்கு ராஜா பேரையே வச்சுடுச்சு, ஜெர்மன்ல ஷாக், இத்தாலியன்ல ஸ்காக்கி, ரஷ்யன்ல ஷாக்மத்தி, ரஷ்யன்ல பாத்தா ஷா மாத் முழுசா அப்படியே உக்காந்திருக்கு. ஆனா அரபுக்காரங்களோட நேரடியா பழகின ஸ்பானிஷ்லயும் போர்ச்சுகீஸ்லயும் மட்டும் அகெத்ரேஸ், ஷத்ரேஸ். கொஞ்சம் காதைக் குடுத்துக் கேட்டா உள்ள நம்ம சதுரங்கம் கேக்கும். பிரெஞ்சுல இன்னைக்கும் எஷெக்னா தோல்வி, ஃபெயிலியர். பரீட்சையில தோத்தாலும் எஷெக்தான், கம்பெனி படுத்தாலும் எஷெக்தான்.

சரி, இங்கிலீஷுக்கு வருவோம். 1300 வாக்குல செக்குன்னா செஸ்ல கத்துறது மட்டும்தான். ஆனா அந்தக் காலத்துல செஸ் தெரியாத பெரிய மனுஷனே கிடையாது, பிரபு வீட்டுப் பசங்களுக்குக் குதிரை ஏத்தத்தோட சேத்து இதையும் சொல்லிக் குடுப்பாங்க, அதனால ஆட்டத்துல இருந்த வார்த்தை சீக்கிரமே வெளிய எறங்கிடுச்சு. செக் வாங்கினா உங்க திட்டம் எதுவா இருந்தாலும் அப்படியே நிக்கணும், மொதல்ல ராஜாவைக் காப்பாத்தணும், வேற எதையும் தொட முடியாது. அதனால செக்குன்னா திடீர்னு வர்ற அடி, பின்வாங்க வைக்கிற அடி, அப்புறம் தடை, அப்புறம் கட்டுப்படுத்தறது. தடுப்பணை இந்த வயசுக்காரன். தண்ணிக் குழாய்ல ஒரு பக்கமா மட்டும் போக விட்டுத் திரும்பி வராம தடுக்கிற செக் வால்வும் இதுதான். அரசியல்ல செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்னு சொல்றாங்களே, பார்லிமெண்ட் ஒரு பக்கம், கோர்ட் ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு வைக்கிறது, அதுல இருக்கிற செக்கும் தடைதான், அங்க யாரும் யாரோட பேப்பரையும் சரிபாக்கல. ஐஸ் ஹாக்கியில ஒருத்தன் மேல ஒடம்பால மோதி நிறுத்தறதுக்கு பாடி செக்னு பேரு. அதே ஐஸ் ஹாக்கியில ரெண்டு கையிலயும் மட்டைய குறுக்கப் புடிச்சு ஆளைத் தள்ளினா அது கிராஸ்-செக், அதுக்கு பெனால்டி. விமானத்துல பணியாளர்கள் கதவைச் சாத்திட்டு மைக்ல கிராஸ்-செக்னு சொல்வாங்க, அங்க அதுக்கு அர்த்தம் ஒருத்தர் கதவை இன்னொருத்தர் சரிபாக்கிறது. ஒரே வார்த்தை, ஒரு எடத்துல ஃபவுல், இன்னொரு எடத்துல பாதுகாப்பு விதி.

இப்ப கட்டத்துக்கு வருவோம், ஏன்னா காசோலைக்குப் போற வழி கட்டம் வழியாத்தான் போகுது.

செஸ் ஆடுற பலகைக்குப் பழைய பிரெஞ்சுல எஸ்செக்கியே, இங்கிலீஷ்ல செக்கர். இந்தியாவுல எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட அந்தப் பலகைக்கு அஷ்டாபதம்னு பேரு, அதுல கட்டம் உண்டே ஒழிய கருப்பு வெள்ளை கெடையாது. மாத்தி மாத்தி ரெண்டு கலர் அடிக்கிறது ஐரோப்பாவுல வந்த பழக்கம், ஸ்விட்சர்லாந்துல ஐன்சீடல்ன் மடத்துல இருக்கிற 10ம் நூற்றாண்டுக் கடைசி லத்தீன் பாட்டு ஒண்ணுலயே ரெண்டு கலர் பலகை பத்திப் பேச்சு வருது. அந்தக் கலர் மட்டும் வரலேன்னா செக் சட்டைன்னு ஒண்ணு இருந்திருக்காது, கார் ரேஸ் முடிவுல ஆட்டுற செக்கர்ட் ஃபிளாகும் இருந்திருக்காது. செக்கர் மாதிரி டிசைன் போட்ட துணி செக்கர், அப்புறம் சுருக்கமா செக். அதாவது நீங்க போட்டிருக்கிற கட்டம் போட்ட சட்டை மேல, வார்த்தை அளவுல, ராஜா ராஜா ராஜான்னு எழுதி இருக்கு.

இங்கிலாந்துல ஹென்றி 1 காலத்துல, 12ம் நூற்றாண்டு ஆரம்பத்துல, ராஜாவோட வரிக் கணக்கைப் பாக்க ஒரு ஏற்பாடு பண்ணாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஈஸ்டர் சமயத்துலயும் செப்டம்பர் கடைசியில வர்ற மைக்கேல்மஸ் சமயத்துலயும், ஒவ்வொரு மாவட்டத்து ஷெரிஃபும், அதாவது அங்க ராஜாவுக்காக வரி வசூல் பண்ற அதிகாரி, வந்து கணக்கு ஒப்படைக்கணும். அதுக்குன்னு ஒரு பெரிய மேஜை. அந்த ஆபீஸ்லயே பெரிய பொறுப்புல இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்ங்கிறவரு 1170கள் கடைசியில அந்த மேஜையை விவரமா எழுதி வச்சிருக்காரு. பத்தடி நீளம், அஞ்சடி அகலம், மேல வச்ச காசு உருண்டு கீழ விழாம இருக்க நாலு பக்கமும் நாலு விரக்கடை உயரத்துக்கு விளிம்பு. மேல ஒரு கருப்புத் துணி, அதுல கோடு கோடா போட்டிருக்கும், கோட்டுக்குக் கோடு ஓர் அடி இல்லேன்னா விரிச்ச கை அளவு எடைவெளி.

இந்தத் துணி எதுக்குன்னா, அப்ப அவங்ககிட்ட இருந்தது ரோமன் எண்கள். எம், டி, சி, எல், எக்ஸ் எல்லாம் வச்சு எழுதிடலாம், ஆனா கூட்டிக் கழிச்சுப் பாருங்க, தலை சுத்திடும், சைபர் வேற கெடையாது. அதுலயும் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். அதனால துணியில ஒரு பத்தி பென்ஸுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் காசு மாதிரி வில்லைகளை அடுக்குவாங்க. ஷெரிஃப் குடுக்க வேண்டியது ஒரு வரிசை, குடுத்தது கீழ ஒரு வரிசை, மேலேர்ந்து கீழ கழிச்சா மிச்சம் கண்ணுக்கு நேரா தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபா இருந்தாலும் ஏமாத்த முடியாது, அவரையும் ஏமாத்த முடியாது. ஒரு மாதிரி மேஜை சைஸ் அபாகஸ்.

இந்த மேஜைக்கு, அப்புறம் அந்த ஆபீஸுக்கே, எக்ஸ்செக்கர்னு பேரு வந்துடுச்சு, செஸ் பலகைங்கிற அதே வார்த்தை. பிரிட்டன்ல நிதி மந்திரிக்கு இன்னைக்கும் சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்னுதான் பேரு, தமிழ்ல நேரா சொன்னா செஸ் பலகை மந்திரி. ஃபிட்ஸ்நீல் இதுக்கு ரெண்டு காரணம் சொல்றாரு, ஒண்ணு பாக்க செஸ் பலகை மாதிரி இருக்கு, ரெண்டாவது அங்கயும் ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு யுத்தம் நடக்குது, கஜானாக்காரருக்கும் ஷெரிஃபுக்கும், மத்தவங்க எல்லாம் சுத்தி உக்காந்து வேடிக்கை பாத்து தீர்ப்பு சொல்றாங்க. ரெண்டாவது காரணம்தான் எனக்கு ரொம்ப ரசிச்சது. கணக்கு கேக்கறதே ஒரு செக் வைக்கிற வேலைதானே.

பணம் கட்டினதுக்கு ரசீது? குச்சி. டேலி ஸ்டிக்னு பேரு. ஒரு மரக்குச்சியில தொகைக்கு ஏத்த மாதிரி வெட்டு போடுவாங்க, ஆயிரம் பவுண்டுன்னா உள்ளங்கை அகலத்துக்கு, நூறுன்னா கட்டைவிரல் அகலத்துக்கு, இருபதுன்னா சுண்டுவிரல் அகலத்துக்கு, ஒரு பவுண்டுன்னா ஒரு பார்லி மணி அளவுக்கு. போட்டுட்டு குச்சியை நீளவாக்குல ரெண்டாப் பொளந்து ஒரு பாதி கட்டினவர்கிட்ட, ஒரு பாதி ஆபீஸ்ல. சந்தேகம் வந்தா ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும், வெட்டு ஒத்துப்போச்சுன்னா சரி, ஒருத்தர் தன் பாதியில மட்டும் எக்ஸ்ட்ராவா வெட்டிருந்தா உடனே மாட்டிப்பாரு, மரத்தோட ரேகையை யாராலயும் போலியா செய்ய முடியாது. இதை நெறுத்தச் சொல்லி 1782ல சட்டம் போட்டும் 1826 வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. கடைசியில குவிஞ்சு கெடந்த பழைய குச்சியை எல்லாம் 1834 அக்டோபர் 16ம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழ இருந்த அடுப்புல போட்டு எரிச்சாங்க, அளவுக்கு மீறி திணிச்சதுல தீ புகைக்கூண்டு வழியா ஏறிப் பார்லிமெண்ட் கட்டடமே எரிஞ்சு போச்சு. ரசீதைக் கிழிச்சுப் போடப் போயி வீட்டையே கொளுத்தின கதை.

இந்தக் குச்சி விஷயத்தை நான் இவ்வளவு இழுக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 'தடு'ங்கிற அர்த்தம் எப்படி 'சரிபார்'னு ஆச்சுங்கிறதுக்கு விடை இந்த ரெண்டு பாதி ஐடியாவுலதான் இருக்கு. திருட்டைத் தடுக்கணும், கணக்குல தில்லுமுல்லைத் தடுக்கணும். எப்படித் தடுப்பே? இன்னொரு பிரதி வச்சுக்கிட்டு ஒத்துப் பாத்துத்தான். ஒத்துப் பாக்கறதுதான் தடை. அப்ப தடைக்கான வார்த்தை மெல்ல ஒத்துப் பாக்கறதுக்கே பேரா மாறிடுச்சு. இதுக்கு நேர் எதிர்த் திசையில போன ஒரு வார்த்தை இருக்கு, கண்ட்ரோல். அது கான்ட்ரா ரோட்டுலஸ், எதிர்ச் சுருள், அதாவது கணக்குச் சுருளுக்கு எதிரா வச்சிருக்கிற இன்னொரு நகல் சுருள். கண்ட்ரோல் பண்றதுன்னா மொதல்ல நகலோட ஒத்துப் பாக்கறது, அப்புறம்தான் அடக்கறது ஆளுறது எல்லாம். செக் தடையில ஆரம்பிச்சு சரிபாக்கிறதுல வந்து நின்னுச்சு, கண்ட்ரோல் சரிபாக்கிறதுல ஆரம்பிச்சு தடையில போயி நின்னுச்சு, ரெண்டும் நடு வழியில ஏதோ ஒரு கணக்குப்பிள்ளை மேஜையில சந்திச்சு கை குலுக்கிட்டுப் போயிருக்கும்.

1700கள் ஆரம்பத்துல செக்குன்னா கவுண்டர்ஃபாயில்னு ஒரு அர்த்தம் வருது, போலி பண்ணாம இருக்க பேங்க் தன்கிட்ட வச்சுக்கிற துண்டு. பணம் குடுக்கச் சொல்லி எழுதுற சீட்டு அதுக்கு முன்னாடியே பழக்கத்துல இருந்துச்சு, 1659ம் வருஷத் தேதி போட்ட ஒண்ணு லண்டன்ல எழுதினது இன்னைக்கும் இருக்கு, ஆனா அதெல்லாம் வெறும் கடிதம் மாதிரி கைல எழுதுறது. 1717ல பேங்க் ஆஃப் இங்கிலாண்ட் அச்சடிச்ச ஃபாரம் குடுக்க ஆரம்பிச்சுது, நேர்ல போயி நம்பர் போட்ட ஃபாரத்தை வாங்கணும். கவுண்டர்ஃபாயிலைக் குறிச்ச செக்குங்கிற வார்த்தை, அதோட ஒட்டி இருந்த சீட்டுக்கே பேராயிடுச்சு. இன்னைக்கும் செக் புக்ல இடது பக்கம் ஒரு துண்டு நம்மகிட்டயே நிக்குது பாருங்க, வார்த்தைக்குச் சொந்தக்காரன் நியாயமா அவன்தான், கிழிச்சுக் குடுக்கிற பாகம் பேரைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

ஸ்பெல்லிங் சண்டைக்கும் இங்கயே முடிவு கட்டிடலாம். அமெரிக்காக்காரங்க எழுதுற சி ஹெச் இ சி கே தப்பு, பிரிட்டிஷ்காரங்க எழுதுற க்யூ யூ இ ஸ்பெல்லிங்தான் பழசு, ஒரிஜினல்னு நாம நெனப்போம். உல்டா. சி கே தான் பழசு. 1820கள் கடைசியில கில்பார்ட்னு ஒரு பேங்க் ஆளு தன் புத்தகத்துல அடிக்குறிப்பாவே போட்டிருக்காரு, பெரும்பாலானவங்க சி கே போட்டுத்தான் எழுதுறாங்க, நான் க்யூ போடுறேன், அப்பதான் கொழப்பம் வராது, எக்ஸ்செக்கரோடவும் ஒத்துப்போகும்னு. எதேச்சையா பண்ணாரோ தெரிஞ்சே பண்ணாரோ, செஸ் பலகை மறுபடி காசோலைக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. நாம நல்லவேளையா காசு ஓலைன்னு சொல்லித் தப்பிச்சோம், எந்த ஸ்பெல்லிங் தலைவலியும் இல்ல.

இன்னொரு கதையும் அடிக்கடி ஃபார்வர்டா சுத்துது, செக்குங்கிற வார்த்தை அரபு ஸக்குலேர்ந்து வந்துச்சுன்னு. ஸக் உண்மையான விஷயம்தான், இடைக்காலத்து அரபு வியாபாரிங்க பணத்தை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போகாம எழுத்துல உறுதி குடுத்து வேற ஊர்ல வாங்கிப்பாங்க, அதை யாரும் மறுக்கல. அந்தப் பழக்கத்துக்கும் இன்னைக்கு இருக்கிற செக்குக்கும் ஒத்துமை இருக்கு. ஆனா வார்த்தைன்னு வந்தா இங்கிலீஷ்ல தடை, அப்புறம் கவுண்டர்ஃபாயில், அப்புறம் சீட்டுன்னு படிப்படியா எழுத்துல தடம் இருக்கு, அந்தத் தடத்துல ஸக் எங்கயும் குறுக்க வரல. சத்தம் ஒத்துப்போறதை மட்டும் வச்சு உறவு கொண்டாடினா அப்புறம் செக் குடியரசையும் எண்ணெய் ஆட்டுற செக்கையும் கூட இந்தக் குடும்பத்துல சேக்க வேண்டி வரும், செக்கு எது சிவலிங்கம் எதுன்னு தெரியாத கதைதான்.

அந்த கவுண்டர்ஃபாயில் ஐடியா அமெரிக்காவுல வேற பக்கம் ஓடுச்சு. 19ம் நூற்றாண்டு ரயில்ல பெட்டியைக் குடுத்தா ஒரே நம்பர் போட்ட ரெண்டு பித்தளை வில்லை, ஒண்ணு பெட்டியில கட்டுவாங்க, ஒண்ணு உங்க கைல. அந்த வில்லைக்குப் பேரு செக். பெட்டியை அந்த மாதிரி ஒப்படைக்கிறது செக் பண்றது. இதுதான் விமானத்துல சொல்ற செக்ட் பேக்கேஜ்! நான் பல வருஷமா அது 'செக் பண்ணி முடிச்ச பெட்டி', ஸ்கேன் பண்ணி உள்ள ஒண்ணும் இல்லேன்னு பாத்த பெட்டின்னு நெனச்சிட்டு இருந்தேன், அப்படிப் பாத்தா கைப்பையையும்தானே ஸ்கேன் பண்றாங்க, அதுக்கு ஏன் அந்தப் பேரு இல்லேன்னு ஒரு தடவை கூட எனக்குத் தோணல. விஷயம் ஸ்கேன்ல இல்ல, போர்டிங் பாஸ்ல ஒட்டித் தர்ற அந்த சின்ன ஸ்டிக்கர்ல இருக்கு, பித்தளை வில்லையோட பேரன் அது. கோட்டைக் குடுத்து டோக்கன் வாங்கற கோட் செக், மழையில பேஸ்பால் மேட்ச் நின்னா இன்னொரு நாள் வந்து பாக்கக் குடுத்த ரெயின் செக், எல்லாம் டோக்கன் வகை. ரெயின் செக் இப்ப "இன்னைக்கு வேணாம், இன்னொரு நாள் பாப்போம்"னு நாசூக்கா மறுக்கறதுக்கு ஆகிடுச்சு. ஹோட்டல்ல சாப்பிட்ட பில்லையும் அங்க செக்குன்னுதான் சொல்வாங்க. சூதாட்ட வில்லைக்கும் செக்னு பேரு இருந்ததால, வில்லையைத் திருப்பிக் குடுத்துட்டான்னா ஆளு செத்துட்டான்னு அர்த்தம்.

செக்லிஸ்ட்ங்கிற வார்த்தை 19ம் நூற்றாண்டுலயே உண்டு, ஆனா அதுக்கு மரியாதை வாங்கிக் குடுத்தது ஒரு விபத்து. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து ரைட் ஃபீல்டுல போயிங் மாடல் 299ங்கிற நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் ராணுவத்துக்குப் பறந்து காட்ட மேல ஏறுச்சு, ஏறின வேகத்துல மூக்கு நிமிந்து நின்னு அப்படியே விழுந்துச்சு. ஓட்டினவரு மேஜர் ஹில், சாதாரண ஆளில்ல, ராணுவத்தோட அனுபவஸ்தர் டெஸ்ட் பைலட். இயந்திரத்துல ஒரு கோளாறும் இல்ல. தரையில நிக்கிறப்போ காத்துல வால் பகுதி ஆடாம இருக்க ஒரு பூட்டு போடுவாங்க, அதை எடுக்க மறந்துட்டாங்க. அவரும் இன்னொருத்தரும் அந்த விபத்தால செத்துப் போனாங்க. இந்த விமானம் ஒரு மனுஷன் ஞாபகத்துல வச்சு ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலா இருக்குன்னு பேச்சு வந்தப்போ, பைலட்டுங்க பண்ணது என்னன்னா கூடுதலா ட்ரெய்னிங் கேக்கல, ஒரு பட்டியல் எழுதினாங்க. கெளம்பும் முன்ன என்ன பாக்கணும், எறங்கும் முன்ன என்ன பாக்கணும். அதே விமானம்தான் பின்னாடி பி-17ன்னு பேர் வாங்கி 12,731 எண்ணிக்கை தயாராச்சு. இங்க செக்கோட பழைய அர்த்தமும் புது அர்த்தமும் ஒண்ணா வேலை செய்யுது பாருங்க, சரிபாக்கறதே மறதிக்குப் போடுற தடைதான்.

கம்ப்யூட்டர் பக்கமும் இதே ரெண்டு பாதிக் குச்சி ஐடியா இருக்கு. கிரெடிட் கார்டு நம்பரோட கடைசி இலக்கம் செக் டிஜிட், அது எந்தத் தகவலும் சொல்றதில்ல, முன்னாடி இருக்கிற இலக்கங்களை வச்சுக் கணக்குப் போட்டு வர்ற விடை, அவ்வளவுதான். ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954ல பேட்டண்ட்டுக்கு எழுதிப் போட்டு 1960ல வாங்கின முறை இது. வலதுலேர்ந்து ஒண்ணு விட்டு ஒண்ணு இலக்கத்தை ரெண்டால பெருக்கி, ரெண்டிலக்கம் வந்தா அதைக் கூட்டி ஒண்ணாக்கி, எல்லாத்தையும் கூட்டினா பத்தால மிச்சமில்லாம வகுபடணும். ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சா கண்டிப்பா மாட்டும், பக்கத்துப் பக்கத்து ரெண்டு இலக்கத்தை மாத்தி அடிச்சாலும் மாட்டும், 09ஐ 90ன்னு அடிச்சா மட்டும் தப்பிச்சுடும். ஆன்லைன்ல நம்பரை அடிச்ச உடனே, பேங்க்கைக் கேக்கறதுக்கு முன்னாடியே, "சரியான நம்பரைக் குடுங்க"ன்னு சிவப்புல திட்டுதே, அது இந்த லூன் கணக்குதான். நம்பருக்குள்ளயே நம்பரோட மறுபாதியை ஒளிச்சு வச்சாச்சு.

மிச்சம் இருக்கிறதெல்லாம் இந்த அஞ்சு வகைக்குள்ள எதுலயாவது போயி விழுந்துடும். டிக் அடிக்கிற குறி அமெரிக்காவுல செக் மார்க். ஃபேக்ட் செக், ஸ்பெல் செக் எல்லாம் சரிபாக்கிற வகை. 1914 ஜூலை ஆரம்பத்துல ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி குடுத்த 'நீ என்ன வேணா பண்ணு, நான் இருக்கேன்'ங்கிற வாக்குக்கு சரித்திரக்காரங்க வச்ச பேரு பிளாங்க் செக், அது காசோலை வகை, அந்தக் காசோலையோட தொகை என்னன்னு அப்புறம் நாலு வருஷம் உலகமே பாத்துச்சு. போக்கர்ல பந்தயம் கட்டாம "செக்"னு சொல்லித் தள்ளி விடறது எனக்கு ரொம்ப விநோதமா படும், ஏன்னா செஸ்ல அதே வார்த்தை தாக்குதல், இங்க 'நான் இப்ப ஒண்ணும் பண்ணல, நீ ஆடு'.

செஸ்லயே இப்ப நெலமை என்னன்னா, உலக செஸ் அமைப்பான ஃபிடேயோட விதிப்படி செக் வச்சா வாயைத் தெறந்து சொல்லணும்ங்கிற கட்டாயமே கெடையாது. பெரிய டோர்னமெண்ட்டுல யாரும் சொல்றதும் இல்ல, சொன்னா எதிர்ல இருக்கிறவரு, எனக்குத் தெரியாதாங்கிற மாதிரி நிமிந்து பாப்பாரு. காயை நகத்திட்டு, கடிகாரத்தைத் தட்டிட்டு, பேசாம உக்காந்திருக்காங்க.